ஆத்தா சொன்ன ஆஸ்பத்திரி

ஐந்தாம் நாள் காலையில் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, நைனா வாசலில் காய்ந்த வேப்பிலைக் கொத்தை அவிழ்த்துவிட்டுப் புதியதைக் கட்டிக்கொண்டிருந்தார். செஞ்சிக்கே உரிய ஏப்ரல் வெயில் எட்டு மணிக்கே வந்துவிட்டது. அக்கா வெண்மதிக்கு இருபத்து நான்கு வயது, பி.எட். முடித்தவள். உள்ளங்கால்வரை அம்மைக் கொப்புளம். எங்கள் தெருவில் அதை நோய் என்று சொல்ல மாட்டார்கள். ஆத்தா வந்திருக்கிறாள். விருந்தாளிக்கு ஊசி போடக் கூடாது.

நைனா கடைவீதியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறார். அம்மைக்கு என்ன மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இரண்டாம் நாள் நான் ஒரு அட்டை வாங்கிவந்து அக்காவின் தலையணைக்கு அடியில் வைத்தேன். கண்டுபிடித்துவிட்டார்.

"கடைக்கு வர்றவங்களுக்குக் குடுக்கிறது பொழப்புடா. இது ஊட்டுக்கு வந்த தெய்வம்."

அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். அன்றைக்கே அதை அனந்தபுரத்துக்காரர் ஒருவருக்கு விற்றார். அவர் பெண்ணுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம். நேற்று சாப்பிடும்போது நைனா சொன்னார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

"நைனா, மூச்சு உட முடில. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ" என்றாள் அக்கா.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு ஷோபனா குறி கேட்க வந்து நின்றாள். அம்மை கண்ட உடம்பு எது பேசினாலும் அது ஆத்தாவின் பேச்சு. ஷோபனாவின் புருஷன் தங்கராசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்கு நாளாகச் சுருண்டு கிடந்தார். இரண்டு முறை மந்திரித்தும் கேட்கவில்லை.

"தாயே, எம் புருஷனுக்கு ஒரு வழி சொல்லு."

அக்கா கஷ்டப்பட்டு முழங்கையை ஊன்றி எழுந்தாள். "ஷோபனாக்கா, நான் வெண்மதிதான் பேசறேன். ஒரு ஆட்டோ கூப்புடுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போவணும். சீக்கிரம்."

ஷோபனா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கேட்டியாண்ணே? ஆட்டோவக்கூட ஆத்தாவே சொல்லிட்டா!"

நைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து நிமிடத்தில் ஆட்டோ வந்தது. தங்கராசுவைத் தூக்கி ஏற்றினோம். கால் பக்கம் பிடித்தது நான். உள்ளே இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது.

திரும்பி வந்து போனை எடுத்தேன். ஆம்புலன்சுக்கு என்று தெரிந்ததும் அம்மா என் காலில் விழுந்தாள். "தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாதுடா. ஆத்தா கோவத்துல அவ கண்ணப் புடுங்கிக்குவா." கல்லூரிப் பட்டிமன்றத்தில் மூடநம்பிக்கையை எதிர்த்துப் பேசி இரண்டு கேடயம் வாங்கியவன் நான். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் ஷோபனா மாலையோடு வந்தாள். கூடவே பாதித் தெரு வந்தது. "குடல்வால் வெடிக்கிற நேரமாம். இன்னும் ஒரு மணி நேரம் உட்டிருந்தா ஆளு இல்லன்னாரு டாக்டரு. ஆபரேசன் முடிஞ்சி இட்டிலி கேக்குறாரு. எல்லாம் இந்த வாய் சொன்னது." அக்காவின் காலடியில் கற்பூரம் ஏற்றினார்கள். அந்தச் சின்ன அறைக்குள் புகை சுற்றியது. பூவாயி அத்தை தன் மகளுக்கு எப்போது குழந்தை பிறக்கும் என்று கேட்டாள். அக்கா பேசவில்லை. காலையிலிருந்தே பேசவில்லை. உதடு நீலம் பூத்திருந்தது. கழுத்துக் குழி மட்டும் படபடவென்று உள்வாங்கிக்கொண்டிருந்தது.

"ஆத்தா மௌனம் காக்குறா. வரிசையில வாங்க, தள்ளாதீங்க" என்றார் நைனா.

ஷோபனா ஒரு எலுமிச்சம்பழத்தை அக்காவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். விரல்கள் விரிந்துகொண்டன. பழம் விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. ஆத்தா யாருக்கோ கொடுத்துவிட்டாள் என்று, நான்கு பெண்கள் ஒரே நேரத்தில் குனிந்து கட்டிலுக்கு அடியில் நுழைந்தார்கள்.