கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நாற்காலி

மனநலச் செயலிக்காகக் கருத்துச் சொல்ல வரவேண்டிய ஆறாவது ஆள் வரவில்லை. "நீயே உட்காரும்மா, பத்து நிமிஷம்தான்" என்று வரவேற்பு மேசைக்காரியைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டார் மேனேஜர்.

சுவரில் பெரிய கண்ணாடி. வந்தவர்கள் அதில் முகம் பார்த்துத் தலை கோதிக்கொண்டார்கள். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அது வெறும் ஜன்னல்; உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். அங்கே மேனேஜர் மகராசனுக்கு நாற்காலி போட்டு, டீயும் வைத்தவளே அவள்தான்.

கேள்வி கேட்கும் பெண் கனிவாக ஆரம்பித்தாள். "வேலையில உங்க நிம்மதியைக் கெடுக்கறது எது? பயப்படாம சொல்லுங்க."

லீவு கேட்டபோதெல்லாம் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது அத்தனையும் தொண்டைவரை வந்தது. விழுங்கினாள்.

"ஒண்ணுமில்லைங்க. நல்லாத்தான் இருக்கேன்."

கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தும் வைத்தாள்.

கேள்விக்காரியின் போன் அதிர்ந்தது.

"இன்னும் கொஞ்சம் மனசு விட்டுப் பேசச் சொல்றாரு, உங்க மேனேஜர்."