ஒரு பிளேட் கொத்து ரொட்டி, இரண்டு பேர்

1.
இந்தக் கதை பசியில் பிறந்தது என்று தொடங்கினால் அழகாக இருக்கும். பொய். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமைப் பகல் நான் ஒன்றைச் செய்தேன். அதைச் செய்யாதவளாக என்னைக் காட்டி மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

2.
கண்டியில் அன்று மழை மெல்ல

[வெட்டிவிட்டேன். மழை, ஏரி வேண்டுமென்றால் படம் போட்ட கலண்டர் வாங்குங்கள்.]

தொண்ணூற்றாறு. வடக்கில் சண்டை. நான் வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். எங்கள் லயத்துக் கூலி வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். அறைத்தோழி ஞானேஸ்வரி யாழ்ப்பாணம். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி டவுனுக்கு வந்து கடைகடையாகத் தின்போம். சூடு ஆறாத மீன் பணிஸ், மிளகாய்த்தூள் தடவிய அன்னாசி, பிறகு ஹாஷிம் நானாவின் கொத்து ரொட்டிக் கடை. தட்டுக்கல்லில் இரும்புத் தகடு அடிக்கும் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். எங்கள் நடை தானாக வேகமாகும்.

"கம்பஸ் புள்ளைகள், இண்டைக்கும் ஒண்டுதானா?" என்பார் நானா.

ஒன்றுதான். மாட்டிறைச்சிக் கொத்து.

"அம்மாவுக்குத் தெரிஞ்சால் என்னை வீட்டுக்குள்ள எடுக்கமாட்டா" என்பாள் ஞானேஸ்வரி, வாய் நிறைய.

"மாடு தின்னதுக்கா, என் பிளேட்டுல தின்னதுக்கா?"

"ரெண்டுக்கும்தான்டி. இஞ்சால தள்ளு, இறைச்சியெல்லாம் உன்ர பக்கம்."

(குறிப்பு: தோட்டத்துப் பிள்ளைகளை வேலைக்கு வைத்து, அவர்களுக்குத் தனிக் கோப்பை ஒதுக்கும் வீட்டில் வளர்ந்தவள் அவள். என் பிளேட்டுக்குள் முதலில் கை வைத்ததும் அவள்தான். நான் கேட்கவில்லை.)

3.
அன்று கடையில் சரியான சனம். அப்படியான நேரத்தில் முன்பின் தெரியாதவர்களும் ஒரே மேசையில் உட்காருவது அங்கே வழக்கம். நாலு வாய் தின்றிருப்போம். இரண்டு பொலிஸ்காரர் வந்து அடையாள அட்டை கேட்டார்கள். அவளுடையதில் யாழ்ப்பாண முகவரி; புலியென்று சந்தேகிக்க அது போதும். அவளை எழும்பச் சொன்னார்கள். பிறகு என்னிடம், சிங்களத்தில்: "ரெண்டு பேரும் ஒன்றாகவா வந்தீர்கள்?"

முதல் பிரதியில் நான் எழுந்து நின்று, "இவள் என் சிநேகிதி" என்கிறேன். எவ்வளவு நல்ல பெண்! இரண்டாவதில் கை கழுவப் போயிருக்கிறேன். மூன்றாவதில் ஹாஷிம் நானா முந்திக்கொண்டு எனக்காகப் பொய் சொல்கிறார். பாவம் மனுஷன், அவர் தலையிலும் கட்டப் பார்த்தேன்.

நடந்தது இது. பிளேட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "இல்லை. வேறு இடம் இல்லாததால் இங்கே உட்கார்ந்தேன்" என்றேன், பிசகில்லாத சிங்களத்தில். நானா என்னைப் பார்த்தார். திரும்பிப் போய்த் தகடுகளை எடுத்தார்.

அவர்கள் அவளைக் கூட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்வரை நான் தின்றுகொண்டிருந்தேன். நிறுத்தினால் சந்தேகப்படுவார்கள். தாண்டிய பிறகும் தின்றேன். அதற்கு ஒரு காரணமும் இல்லை. ருசியாக இருந்தது.

4.
ஆறாம் நாள் அவளை விட்டார்கள். உதடு வெடித்திருந்தது. கட்டிலில் இருந்துகொண்டு சொன்னாள்:

"உன்னில கோபமில்லையடி. ஓம் எண்டிருந்தால் உனக்கும்தான் அடி விழுந்திருக்கும். ஒண்டு மட்டும் சொல்லு. அந்தக் கொத்தை நீ சாப்பிட்டு முடிச்சனியோ?"

'இல்ல, அப்படியே வச்சிட்டு ஓடி வந்துட்டேன்' எனலாம். கடைசிப் பரீட்சைவரை ஒரே அறையில் இருக்கலாம். 'முடிச்சேன்' எனலாம், அவள் அன்றே பெட்டியைக் கட்டலாம், அல்லது வெடித்த உதட்டோடு சிரிக்கலாம். சிரிக்கக்கூடியவள்தான்.

என்ன சொன்னேன் என்று எழுதமாட்டேன். நான் படித்தவள், எதைச் சொன்னதாக எழுதினாலும் அதை நியாயமாக்கிவிடுவேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.