பன்னிரண்டு துண்டு ஆப்பிள் கேக்

எங்கள் வெஸ்டர்ஸ்லோட் கிராமத்தில் தெரு கிடையாது, வாய்க்கால்தான். கோடை வந்துவிட்டால் அதில் வாத்துகளுக்கு இடமிருக்காது. அத்தனை சுற்றுலாப் படகுகள். படகில் வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பதற்கு வசதியாக என் அடுத்த வீட்டுக்காரன் ரூலொஃபின் சன்னல் சுவர் அகலத்துக்கு இருக்கிறது. நாற்பது வருஷம் மதகு பார்த்து ஓய்வு பெற்றவன் அவன். மதியம் சீஸ் வைத்த ரொட்டியை அவன் கடிப்பதை எத்தனை நாட்டுக்காரர்கள் படமெடுத்திருப்பார்களோ தெரியாது.

"ஒரு திரையப் போட்டுத் தொலையேன்" என்றேன்.

"எதுக்குப் போடணும்? மறைச்சு வைக்க நான் என்ன திருடனா? பக்கத்து வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?"

பக்கத்து வீட்டுக்காரி நான்தான். நான் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் திரை போட்டிருந்தால் உள்ளே என்ன நடக்கிறதென்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்திருப்பேன்.

திரைக்குப் பதிலாக அவன் வாசலில் ஒரு பலகை மாட்டினான். "இது அருங்காட்சியகம் அல்ல." எங்கள் மொழியில் மட்டும். இங்கிலீஷிலும் எழுது என்று அவன் மனைவி அன்னெகீன் சொன்னதற்கு, "என் ஊரு, என் மொழி" என்று நெஞ்சை நிமிர்த்தினான். பெரிய எழுத்துப் பலகையில் 'மியூசியம்' என்ற ஒரு சொல் மட்டும் எல்லா நாட்டுக்காரர்களுக்கும் புரிந்தது; படகுகள் அங்கே இன்னும் கொஞ்ச நேரம் நின்றன.

மே மாதம் எவரோ படகிலிருந்து தவறவிட்ட பயணிகள் கையேடு ஒன்று அவன் கையில் கிடைத்தது. கொதித்துப்போய் வேலியோரம் வந்தான்.

"கேளு ஹில்லி. 'இந்த நாட்டார் கஞ்சர்கள். காப்பிக்கு ஒரே ஒரு பிஸ்கட் தருவார்கள்.' பொய்! 'மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள்.' எந்த முட்டாள் எழுதினான் இத? ஆமா, தலையில என்ன பண்ணி வச்சிருக்க? நனைஞ்ச கோழியாட்டம் இருக்கு."

"நேத்துதான் வெட்டிக்கிட்டேன்."

"காசத் திருப்பிக் கேளு. இதப் பாரு, 'நாள் குறிக்காமல் ஒருவர் வீட்டுக்கும் போக முடியாது.' நாம என்ன ராஜ பரம்பரையா? நீ எங்க வீட்டுக்கு எப்ப வேணா வரலாம்ல?"

"அப்ப சாயங்காலம் வரட்டுமா?"

சட்டைப்பையிலிருந்து டைரியை எடுத்தான். "இன்னிக்கு ஆகாது. பதினாலாம் தேதி, வியாழக்கிழமை, ஏழரை?"

நானும் என் டைரியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்றேன்.

அன்னெகீனின் அறுபதாவது பிறந்தநாள் ஜூனில் ஒரு சனிக்கிழமை. இரண்டு மணிக்கு ஆட்கள் கூடினோம். கூடத்தில் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. வீட்டுக்காரர்களோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். ஆப்பிள் கேக்கும் பன்னிரண்டு துண்டு. உள்ளே வருகிறவர் பிறந்தநாள்காரிக்கு மட்டுமல்ல, அவள் புருஷனுக்கு, தம்பிக்கு, பக்கத்து வீட்டுக்காரிக்கு என்று வட்டம் முழுக்கக் கைகுலுக்கி வாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் வளர்ப்பு சரியில்லை என்று பொருள்.

கேக்கை வெட்டப்போகும் நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு ஒரு தம்பதி வந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், வெயில் நிறம், முகம் கொள்ளாச் சிரிப்பு. பெண்மணி எங்கள் மொழியில் தட்டுத்தடுமாறி "வாழ்த்துகள்" என்று ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தாள். அன்னெகீனின் தம்பி, மாடு வளர்க்கும் ஹார்மை, அவன் அம்மா செத்த பிறகு கட்டிப்பிடித்த முதல் ஆள் அவள்தான். மிரண்டுபோய் இங்கிலீஷில் நன்றி சொன்னான். தன் பெயர் ஜாண்டிரா, கணவர் எவால்டோ, பிரேசிலிலிருந்து வருகிறோம் என்றாள்.

அன்னெகீனின் பாட்டுக் குழு ஆட்கள் என்று நான் நினைத்தேன். ஹார்மின் சிநேகிதர்கள் என்று அன்னெகீன் நினைத்தாள். நான் கூட்டி வந்ததாக ரூலொஃப் நினைத்து என்னை முறைத்தான். முகத்துக்கு நேரே பேசுகிறவர்கள் என்று உலகத்துக்கே பெயரெடுத்த பன்னிரண்டு பேரில் ஒருத்தருக்கும் "நீங்க யாரு?" என்று கேட்க வாய் வரவில்லை.

இப்போது பதினான்கு பேருக்குப் பன்னிரண்டு துண்டு. ரூலொஃப் சமையலறையில் மச்சானை மடக்கினான். "உன் துண்டுல பாதி குடு."

"உன்னுதக் குடு. உன் பொண்டாட்டி பிறந்தநாளு."

கடைசியில் தன் துண்டையே இரண்டாக வெட்டி வந்தவர்களுக்கு வைத்தாள் அன்னெகீன். இரண்டாவது காப்பிக்கு ரூலொஃப் பிஸ்கட் டப்பாவைச் சுற்றிக் கொண்டுபோனான். ஆளுக்கு ஒன்று, மூடி 'டப்'பென்று விழுந்தது. எவால்டோ கைதட்டினார். நாங்கள் திகைத்தோம்.

ஜாண்டிரா மட்டும் அன்னெகீனை விடவில்லை. சின்ன வயதில் என்னவாக ஆசைப்பட்டாய், அறுபது வயதானது எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கப்பலில் வேலைக்குப் போக ஆசைப்பட்டதாக அன்னெகீன் சொன்னாள். முப்பது வருஷம் பக்கத்தில் குடியிருக்கும் எனக்கு அது புதுச் செய்தி.

ஐந்து மணிக்கு நாங்கள் தொடையைத் தட்டி "சரி, அப்ப..." என்று எழுந்தோம். எவால்டோ ரூலொஃபின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதங்க. ஒரு நாளைக்கு எத்தனை காட்சி நடத்துறீங்க? டிக்கெட் எங்க வாங்கணும்?"

ரூலொஃப் பீட்ரூட்டாகச் சிவந்தான். "காட்சியா? யோவ், இது என் வீடு! அவ என் பொண்டாட்டி! வாசல்ல எழுதி மாட்டியிருக்கேனே, கண்ணு தெரியலையா?"

"அடடா, கோபமும் உண்டா!" என்று எவால்டோ இன்னும் பலமாகத் தட்டினார்.

ஜாண்டிரா தட்டவில்லை. அன்னெகீனின் முகத்தைப் பார்த்தாள், சுவரிலிருந்த குடும்பப் படங்களைப் பார்த்தாள். பிறகு கணவரின் இரண்டு கைகளையும் பிடித்து நிறுத்தினாள். "எவால்டோ, இது நிஜம். நிஜமாவே இப்படித்தான் இருக்காங்க." அவள் குரலில் வெட்கத்தைவிடப் பரிதாபம் அதிகம். அதுதான் எங்களுக்குச் சுருக்கென்று தைத்தது.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அவர்கள் வாசலுக்கு ஓட, அன்னெகீன் குறுக்கே நின்றாள். "இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

வெளி ஆளை, அதுவும் சொல்லாமல் கொள்ளாமல், ராத்திரிச் சாப்பாட்டுக்கா? ரூலொஃப் எங்கள் மொழியில் கிசுகிசுத்தான். "நாலு உருளைக்கிழங்குதான் உரிச்சு வச்சிருக்கேன்."

"இன்னும் நாலு உரி."

"கறி உருண்டை ரெண்டுதான்டி இருக்கு!"

"அவங்க ரெண்டு பேரு. சரியா இருக்கும்."

எங்களை யாரும் இருக்கச் சொல்லவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். நான் வீட்டுக்குப் போய், என் சன்னலோரம் ஒதுங்கி நின்று அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தேன். அன்னெகீன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். ரூலொஃப் கறியில்லாத தட்டில் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தான்.

ஜாண்டிரா கூப்பிட்டதில், அடுத்த பிப்ரவரியில் அன்னெகீன் பிரேசிலுக்குப் போனாள், மூன்று வாரம், தனியாக. ரூலொஃப் வரமாட்டேன் என்றுவிட்டான். "அந்த ஊர்ல ஒருத்தனும் நேரத்துக்கு வரமாட்டான். பொழுதன்னிக்கும் ஆட்டம் பாட்டம். கழுத்துல கெடக்கிறத அறுத்துட்டுப் போயிடுவான்" என்று வேலியோரம் எனக்கு விளக்கினான். அவன் ஜெர்மனியைத் தாண்டிப் போனதில்லை.

மூக்கு கருகித் திரும்பி வந்தவள் சொன்னாள்: "எவால்டோ விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து நின்னாரு. ஒம்பது மணிக்கு விளக்கை அணைச்சிடுவாரு. ஆடவே தெரியாது. வீணாக்காதன்னு சோப்புத் துண்டக்கூட ஒட்டவச்சுக் குளிக்கிறாரு. உன்னையே தூக்கிச் சாப்பிட்டுடுவாரு."

ரூலொஃப் கொஞ்சம் யோசித்தான். "அந்தாளு அசல் பிரேசில்காரனா இருக்க மாட்டான்" என்றான்.

இப்போது அன்னெகீன் செவ்வாய்க்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்து டவுன் நூலகத்துக்குப் போர்த்துகீசியம் படிக்கப் போகிறாள். அன்றைக்கெல்லாம் ரூலொஃப் ஆறு மணிக்குத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறான். படகுகள் நின்று படமெடுக்கின்றன.