முதல் பெயரும் முந்நூறு கோழிகளும்

செத்துக் குழியில் புதைத்த முந்நூறு கோழிகளும் ஒரு வியாழக்கிழமை விடிகாலையில் எழுந்து, இறகை உதறிக்கொண்டு, கௌசியாவின் ஆராய்ச்சிக் கட்டுரையில் பெயர் போட்டுக்கொண்டவர்களின் வீடுகளைத் தேடி நடந்து போயின. அன்றைக்கு நாமக்கல்லில் முட்டை விலை நாலே முக்கால் ரூபாய்; ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கோழிகள் ரோட்டின் இடது ஓரமாகவே நடந்தன. போர்வெல் ரிக் வண்டிக்காரர்களும் முட்டை லாரிக்காரர்களும் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள். ஒவ்வொன்றின் காலிலும் நம்பர் போட்ட பிளாஸ்டிக் வளையம் இருந்தது. கிட்டே போனால் லேசாக மண் வாடை அடித்தது. மற்றபடி உயிரோடிருக்கிற கோழிக்கும் அதுகளுக்கும் வித்தியாசம் எதுவும் இல்லை என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

கௌசியா, சங்ககிரியில் லாரிக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கிற நிஜாமுதீனின் இளைய மகள். நாமக்கல் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. சித்திரை வெயிலில் பண்ணைகளில் கோழி கொத்துக் கொத்தாகச் சாகும் என்பது இந்தப் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். பழைய சோற்று நீச்சத்தண்ணியில் இருக்கிற ஒரு நுண்ணுயிரைப் பிரித்து வளர்த்து, குடிதண்ணீரில் கலந்து கொடுத்தால் கோழி வெயிலைத் தாங்குமா என்பதுதான் அவள் கேள்வி. பாதிக் கோழிக்கு அதை மருந்தாகக் கொடுத்தாள், பாதிக்கு வெறும் தண்ணீர். தகரக் கொட்டகையில் அதுகளோடு அவளும் வெந்தாள். வெயிலில் செத்தது போக மிச்சத்தை, குடலைச் சோதிக்க வேண்டி, அவளே ஒவ்வொன்றுக்கும் பிஸ்மில்லா சொல்லி அறுத்தாள். மூன்று கோடை இப்படியே போயிற்று. இரண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்து, வாடை தாங்காமல் டீயோடு எழுந்துகொண்டார்கள். அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. வெளிநாட்டு உயிரியல் ஜர்னல் ஒன்றில் தன் பெயர் முதலில் இருக்கிற கட்டுரை ஒன்று வந்தாக வேண்டும். வந்தால்தான் ஆய்வேட்டை வாங்குவார்கள். அந்த வருஷத்தோடு கெடுவும் முடிகிறது. அது ஒன்றுதான் அவள் கவலை.

வினை, பெயர் போடுகிற இடத்தில் வந்தது. அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் வேல்முருகன் கெட்டவர் இல்லை, ஆனால் ஊரார் வீட்டு நெய்யே பெண்டாட்டி கையே என்று பரிமாறுகிற மனசு. கல்லூரித் தாளாளரின் மகன் செந்தமிழனுக்குப் பதவி உயர்வுக்குக் கட்டுரை தேவைப்பட்டது. அவன் பெயரை முதலில் போட்டார். இரண்டாவது தன் பெயர், மூன்றாவது கல்லூரி முதல்வர், நாலாவதாகத்தான் கௌசியா. அவள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்துவிட்டு, "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமாம்மா? அடுத்த பேப்பர்ல உன் பேரை மொதல்ல போட்டுக்கலாம், உடு," என்றார். அடுத்த பேப்பருக்கு இன்னும் மூன்று கோடை வேகணும் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

வீட்டில் அத்தாவோ வேறு கணக்கில் இருந்தார். மூத்த மகளின் கல்யாணக் கார்டில் மைத்துனர் பயாஸ் பெயர் விட்டுப்போய், மனுஷன் நாலு வருஷம் வாசற்படி மிதிக்கவில்லை. அந்தச் சூடு கண்ட பூனை நிஜாமுதீன். "ஏங் கண்ணு, பயாஸ் மாமா பேரைப் போட்டியா? குட்டியானை வண்டியில குடல் பொட்டியெல்லாம் கோயமுத்தூர் லேபுக்கு ஓசியில ஓட்டுனவரு. மறுபடியும் உட்டுப்போட்டா உங்கம்மா என்னை ஊட்டுக்குள்ள சேர்க்க மாட்டா," என்று நச்சரித்தார். இது கல்யாணக் கார்டு இல்லீங்கத்தா என்று சொல்ல வாயெடுத்தவள், கோழியைக் கண்ணால் பார்க்காத முதல்வர் பெயரே இருக்கும்போது மாமா என்ன பாவம் பண்ணினார் என்று அஞ்சாவதாக அவரையும் சேர்த்தாள். ஒரு பேரு கூடினா என்ன என்று வேல்முருகன் சாரும் தலையாட்டிவிட்டார். ஜர்னலிலிருந்து ஆளாளுக்கு ஒரு மெயில் வந்தது: இந்த ஆய்வுக்கு நானும் பொறுப்பு என்று ஒத்துக்கொண்டு ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் எல்லோரும் அமுக்கினார்கள். மறுநாள் கோழிகள் வந்துவிட்டன.

அதுகள் பெயர் வரிசைப்படியே பிரிந்து போயின. நாமக்கல்லில் முதல்வர் வீட்டுக்கும் கொஞ்சம் போயின, ஆனால் செந்தமிழன் வீட்டுக்குத்தான் பெரிய கூட்டம். கார் நிறுத்துமிடம், மாடிப்படி, ஊஞ்சல் எல்லாம் வெள்ளை. ஒன்றும் கொத்தவில்லை, கத்தவில்லை. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவனையே பார்த்துக்கொண்டு நின்றன. தீனி போட்டான், தின்னவில்லை. பூசாரியைக் கூட்டி வந்தான். அவர் பார்த்துவிட்டு இது பேய் இல்லீங்க, கோழி என்று சொல்லித் தட்சிணையை வாங்கிக்கொண்டு போனார். கடைசியில் சமையல்காரர் நாச்சிமுத்துவை அறுக்கச் சொன்னான். கத்தி தண்ணீரில் போவதுபோல் கழுத்தில் போய் வந்தது. "செத்த கோழியை எத்தனை தடவைங்க அறுக்கறது?" என்று நாச்சிமுத்து கத்தியைக் கழுவி வைத்துவிட்டார்.

திருச்செங்கோட்டில் வேல்முருகன் சார் வீட்டுக்குப் போனதுகள் அவரோடு காரில் ஏறி வகுப்புக்கும் வந்தன. படித்தவர் ஆயிற்றே, சுதாரித்துக்கொண்டு கட்டுரையிலிருந்த சராசரியையும் விலகல் அளவையும் அதுகளுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். ஒன்றுகூட அசையவில்லை. கோழிக்குச் சராசரி எதற்கு?

விஷயம் பிடிபட்டது பயாஸ் மாமாவால்தான். அவர் வீட்டுக்கு வந்தவை இரண்டே இரண்டு. மனுஷன் அதுகளுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, வெகுநேரம் பார்த்துவிட்டு, "அட, நீங்கதானா! வழியில ஐஸ் கரைஞ்சுபோச்சுன்னு அவினாசியில வண்டிய நிறுத்தி மீன்கடையில ஐஸ் வாங்கிப் போட்டேனே, அந்தப் பொட்டிதானே?" என்றார். இரண்டும் கழுத்தைத் தாழ்த்தி, கால் மடக்கி உட்கார்ந்து, ஆளுக்கொரு முட்டை இட்டன. அதற்கப்புறம் சாதாரணக் கோழிபோலக் குப்பையைக் கிளறப் போய்விட்டன. மாமா போன் போட்டுச் சொன்னதும் கௌசியாவுக்குப் புரிந்துபோயிற்று. தன் வாசலில் நின்றதுகளின் கால் வளையத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நீ கூண்டில் மேல் தட்டு, வெறும் தண்ணி, அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் போனவ. நீ மருந்து குடிச்சுப் பிழைச்சவ, உன்னை நான்தான் அறுத்தேன், மன்னிச்சிரு. சொல்லச் சொல்ல அதுகள் உட்கார்ந்தன. காலைப் பசியாறுவதற்குள் அவள் பங்கு முடிந்துவிட்டது. தனக்கு என்ன ஆயிற்று என்று பெயர் போட்டவர் வாயால் கேட்கத்தான் அதுகள் அத்தனை தூரம் நடந்திருக்கின்றன, பாவம்.

செந்தமிழன் ஒரு வாரம் தாங்கினான். கல்யாணப் பேச்சுக்கு வந்த பெண் வீட்டார் சோபாவில் இடமில்லாமல் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போன அன்று, எனக்குக் கட்டுரையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். முதல்வர் அதற்கு முந்தின நாளே கழன்றுகொண்டார். வேல்முருகன் சார், "நீயே மொதல் பேரா இரும்மா, எம் பேரு கடைசியில வழிகாட்டின்னு இருந்தா போதும், இதுகளை மட்டும் கூட்டிட்டுப் போயிரு," என்றார். கௌசியா நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் போய், வாசலில் நின்று பா பா பா என்று கூப்பிட்டாள். அத்தனையும் அவள் பின்னால் வந்தன. பஸ் ஸ்டாண்டில் ஜனம் வழிவிட்டு நிற்க, அவள் தலை நிமிர்ந்து நடந்த நடையை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறார் பயாஸ் மாமா.

அடுத்த வாரமெல்லாம் அவள் கோழிகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மா மெஹர்பானு முட்டைகளைக் கூடையில் பொறுக்கி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார். ருசியில் குறையொன்றும் இல்லை. கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சமாக நின்றது. கௌசியா அதன் வளையத்தைத் திருப்பி நம்பரைப் பார்த்தாள். அது மருந்து குடித்தும் செத்துப்போன கோழி. "ஒண்ணுதானேம்மா, ஏதோ வேற சீக்கா இருக்கும், எடுத்துரு," என்று வேல்முருகன் சார் சொல்ல, அவள் தன் கையாலேயே அந்த வரியை அழித்திருந்தாள். அதனால்தான் 'மருந்து குடித்ததில் ஒன்றுகூடச் சாகவில்லை' என்ற அந்த அழகான வாக்கியத்தைக் கட்டுரையின் தலைமாட்டில் எழுத முடிந்தது. அதைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்கே மெய்சிலிர்க்கும்.

இப்போது எழுதினால் அந்த வாக்கியம் போயிற்று. ஜர்னல்காரன் திருப்பி அனுப்பினால் கெடு போயிற்று, மூன்று கோடை போயிற்று, கைக்கு வந்த முதல் பெயரும் போயிற்று. "ஒத்தைக் கோழிக்காவ வெண்ணெய் திரண்டு வரயில தாழிய ஒடைக்கிறியே!" என்று சார் போனில் கத்தினார். கோழி ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி நின்றது. அதற்குச் சொல்லாமல் விட்டாலும் அது ஒன்றும் செய்யப்போவதில்லை, சும்மா நின்றுகொண்டிருக்கும், அவ்வளவுதான். கௌசியா அதன் முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ மருந்து குடிச்சே. குடிச்சும் செத்தே. ஏன்னு எனக்குத் தெரியலை. தெரியலைன்னே எழுதறேன்," என்றாள். கணினியைத் திறந்து அழித்த வரியைத் திரும்பச் சேர்த்தாள், அட்டவணையை மாற்றினாள், படத்தைத் திருத்தி வரைந்தாள். ஒன்றுகூட என்பதை அடித்துவிட்டு, ஒன்று செத்தது, காரணம் தெரியவில்லை என்று எழுதினாள். கட்டுரையை அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது கோழி உட்கார்ந்திருந்தது.

ஜர்னலிலிருந்து அதைத் திருத்து, இதை விளக்கு என்று இரண்டு தடவை வந்து, ஐப்பசியில் ஏற்றுக்கொண்டோம் என்று மெயில் வந்தது. கட்டுரை வெளியான அன்று நிஜாமுதீன் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு, அதைக் கலரில் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலம் அவருக்கு லாரிப் பெயர்ப்பலகை அளவுக்குத்தான் வரும். மேலே முதலில் இருந்த மகளின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, வரிசையில் பயாஸ் பெயரும் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம், "அந்தக் கோழி எங்க கண்ணு?" என்றார். கௌசியா அட்டவணையில் ஒன்று என்ற எண்ணைக் காட்டினாள். அவர் ஒரு விரலை மகளின் பெயர்மேலும் இன்னொரு விரலை அந்த ஒன்றின்மேலும் வைத்தார். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு.

"ரெண்டு பேரும் இருக்கறீங்க," என்றார்.

"பேப்பரை மேல எடுத்து வைங்க, கோழி மிதிச்சிரப் போவுது," என்றார் மெஹர்பானு, கூடையை எடுத்துக்கொண்டு முட்டை பொறுக்கக் கிளம்பியபடி.