ஒன்பது கஜ ஷீட்

1904-ஆம் வருஷம் வைகாசி மாதத்திலிருந்து ஹூக்ளியில் ஓடிய ஒரு சின்னப் பாய்ப்படகின் முன்பாய்க் கயிறுகளைக் குளிக்காதவர்களால் தொட முடியாது. கையை நீட்டினால் கயிறு தானாகச் சுருண்டு பாய்மர உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ஈரத்தோடு வந்து நின்றால் இறங்கி வந்து கையில் விழும். அந்த வருஷம் பவானிபூர் சந்தையில் முருங்கைக்காய்க்கு நல்ல கிராக்கி. அங்கே குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் இரண்டு சேதியையும் ஒரே மூச்சில்தான் பேசின. முருங்கைக்காயைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசின.

எல்லாவற்றுக்கும் காரணம் லக்ஷ்மிநாராயணனின் இங்கிலீஷ். மாயவரத்துக்காரர். கல்கத்தாவில் கோணிப்பை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. அவருடைய துரைக்குச் சொந்தமாக ஒரு படகு உண்டு. ஒருநாள் துரை ஒரு சீட்டை அனுப்பினார். படகுக்கு இரண்டு ஷீட் வேண்டும், பருத்தி, ஒவ்வொன்றும் ஒன்பது கஜம், கைக்கு மெத்தென்று இருக்கட்டும், நாளைக் காலை படித்துறைக்கு வந்துவிட வேண்டும். பருத்தி, ஒன்பது கஜம், மெத்தென்று என்று படித்த எந்த மாயவரத்துக்காரருக்கும் உலகத்தில் ஒரே ஒரு பொருள்தான் ஞாபகத்துக்கு வரும். அவர் நேரே வீட்டுக்குப் போய் மனைவி காமுவிடம் புடவை கேட்டார்.

"ஏன்னா, துரைக்கு எதுக்கு ஒன்பது கஜம்? துரைசானி மடிசார் கட்டிக்கப் போறாளா?" என்றாள் காமு.

கேட்டாளே தவிர, மறுநாள் காலையில் கொடுத்துவிட்டாள். இரண்டும் நல்ல புடவைகள், ஒன்று அரக்கு, ஒன்று பச்சை. துவைத்து, மடிக்கோலால் உயரக் கொடியில் போட்டு உலர்த்தியிருந்தாள். மடியாக உலர்ந்ததைக் குளிக்காதவர் யாரும் தொடக் கூடாது. வீட்டைவிட்டுப் போகிற வரைக்குமாவது மடி மடிதான் என்று சொல்லி, அந்தக் கோலின் நுனியிலேயே தொங்கவிட்டு அவரிடம் கொடுத்தாள். தலைமைக் குமாஸ்தா கோட்டும் தலைப்பாகையுமாக, கொடி பிடித்துக்கொண்டு போகிறவர் மாதிரி, பவானிபூரிலிருந்து பிரின்செப் படித்துறை வரைக்கும் நடந்தார்.

படித்துறையில் துரையின் படகோட்டி கரீம் மாஜி அப்போதுதான் ஆற்றில் குளித்துவிட்டுக் கரையேறியிருந்தான். புடவைகளைப் பார்த்து நெடுநேரம் சிரித்தான். ஷீட் என்பது துணியே இல்லை, பாயும் இல்லை, பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறு என்றான். துரை வர அரைமணிதான் இருந்தது. வேறு வழியில்லாமல் கரீம் இரண்டு புடவைகளையும் முறுக்கிக் கயிறாக்கி, முன்பாயின் கீழ்ப் பின்மூலையில் முடிச்சுப் போட்டான். ஒன்றைப் பாய்மரத்துக்கு இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் கொண்டுவந்து, இரண்டு ஓரத்துக் கப்பிகளிலும் நுழைத்து, உருவிக்கொண்டு போகாமலிருக்க நுனியில் எட்டுப் போல ஒரு முடிச்சும் போட்டான். துரை வந்து பார்த்தார். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, கப்பல் விளக்குகளின் முறைப்படி இருந்தது. இப்படி ஒரு புத்திசாலிக் குமாஸ்தாவை நான் கண்டதில்லை என்று சொல்லிக்கொண்டே கயிற்றைப் பிடிக்கப் போனார். அது உச்சிக்குப் போய்விட்டது.

கரீம் கையை நீட்டினான், வந்தது. துரை நீட்டினார், வரவில்லை. மூன்றாம் தடவை அவர் பூட்ஸோடு ஆற்றில் குதித்து எழுந்து வந்தார், வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் துரை முழுக்குப் போட்ட பிறகுதான் படகில் ஏறினார். அவருக்கு வழக்கமாக வரும் ஜலதோஷம்கூட நின்றுவிட்டது. மடிப்புடவையைத் துரையும் படகோட்டியும் தொடுவதா என்று பவானிபூரில் சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களுக்குப் புரோகிதம் செய்துவைக்கும் வாத்தியார், கயிறு குளித்தாயா என்றுதான் கேட்கிறது, கோத்திரம் கேட்கவில்லை, நான் என்ன செய்ய என்று சொல்லிவிட்டார். காமுவுக்கு மட்டும் புடவை போன வருத்தம் ஒரு வருஷத்துக்கு ஆறவில்லை.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று அடுத்த வருஷம் வந்தது. காமுவின் தங்கை ஜலஜா ஆற்றுக்கு அக்கரையில் சிப்பூரில் இருந்தாள். அவள் கணவன் மஹாதேவன் ஒரு சணல் ஆலையில் ஸ்டோர் குமாஸ்தா. ஜலஜாவுக்கு அது தலைப்பிரசவம். இவளைப் பெற்றபோதுதான் அவர்கள் அம்மா இறந்துபோனாள். ஒன்பது வயதில் காமு அந்தக் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டவள், அவளைக் கல்யாணம் செய்து கொடுக்கும் வரை இறக்கவில்லை. வலி எடுத்தால் தன் கையைப் பிடித்துக்கொள்ள அக்கா வர வேண்டும் என்று ஜலஜா சத்தியம் வாங்கியிருந்தாள். அம்மாவைப் போல நாமும் போய்விடுவோமோ என்று அவள் பயந்தாள். காமுவும் பயந்தாள், வெளியே சொல்லவில்லை.

ஆவணி மாதத்தில், சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னால், காலை பத்து மணிக்கு மஹாதேவனின் தந்தி வந்தது. வலி ஆரம்பித்துவிட்டது. ஹௌராவில் அப்போது இருந்தது மிதவைப் பாலம். கப்பல்களுக்கு வழிவிட அதன் நடுப்பகுதியைக் கழற்றி ஒதுக்கிவிடுவார்கள். மறுபடி சேர்க்கும்வரை மனுஷன் அந்தப் பக்கம் போக முடியாது. அன்று பாலம் திறந்திருந்தது. அமாவாசையை ஒட்டிய நாளாதலால் கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறிவருகிற பான் என்ற பேரலையும் வர வேண்டியிருந்தது. அலை கரையில் மோதி உடைத்துவிடாமலிருக்கப் பயணிப் படகுகள் எல்லாம் கரையை விட்டு நடு ஆற்றில் நங்கூரம் போட்டுவிட்டன. படித்துறையில் மிச்சமிருந்தது துரையின் படகு ஒன்றுதான். கரீம் அதையும் நடு ஆற்றுக்குக் கொண்டுபோகக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

காமு குதிரை வண்டியிலிருந்து இறங்கி, சிப்பூருக்கு என்று கரீமிடம் சொன்னாள். படியிறங்கி மூன்று முழுக்குப் போட்டுவிட்டு ஈரப்புடவையோடு படகில் ஏறினாள். லக்ஷ்மிநாராயணனும் முழுகிவிட்டு ஏறினார். அவர்தான் குமாஸ்தா, ஷீட் என்றால் என்ன என்று இப்போது தெரிந்தவர். பச்சைக் கயிற்றை வாங்கி, ஆபீஸ் கட்டுகளை நாடாவால் இறுக்குகிற மாதிரி இழுத்து இறுக்கினார். முன்பாய் விறைத்துக்கொண்டு நின்றது. படகு நகர மாட்டேன் என்றது. பயந்துபோய் ஒரேயடியாக விட்டார். பாயின் முன்விளிம்பு படபடவென்று அடித்துக்கொண்டது.

"இப்படிக் குடுங்கோ," என்றாள் காமு. "ரொம்ப இழுத்தா நடக்க வராது. விட்டா தடுக்கும். பதினோரு வயசுலேர்ந்து மடிசார் கட்டிண்டிருக்கேன்."

பாயின் விளிம்பு அடங்கும்வரை மெதுவாக இழுத்தாள். அடங்கியதும் நிறுத்தினாள். காற்று கூடினால் ஒரு விரல் விட்டாள், குறைந்தால் ஒரு விரல் வாங்கினாள். படகு ஓட ஆரம்பித்தது. பான் ஓர் ஆள் உயரத்துக்கு இரைந்துகொண்டு வந்தபோது கரீம் படகை அதற்கு நேராகத் திருப்பினான். காமு ஒரு சாண் விட்டாள். படகு அலைமேல் ஏறி இறங்கியது. இறங்கியதும் அதே ஒரு சாணை வாங்கினாள். அக்கரை வந்ததும் நிறுத்தத்தான் பார்த்தார்கள். ஆனால் முன்பாய் அவ்வளவு சரியாக நின்றுவிட்டால் படகுக்குத் தண்ணீரும் தரையும் ஒன்றுதான். அது சிப்பூர் படித்துறையின் படிகளில் ஏறி, மிட்டாய்க்கடையைத் தாண்டி, சந்துமுனையில் கரீம் சுக்கானைத் திருப்பியதும் திரும்பி, ஜலஜாவின் வாசலில் நின்றது. மஹாதேவன் கதவைத் திறந்து, செருப்பு ஈரமாக இருந்தால் வெளியிலேயே விடும்படி எல்லாருக்கும் சொன்னான்.

ஜலஜா அக்காவைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

"பாலம் தெறந்திருக்குன்னு இவர் சொன்னாரே அக்கா."

"தெறந்துதாண்டி இருக்கு. நீ என் கையைப் பிடிச்சுக்கோ."

வெளியே பக்கத்து வீட்டு வங்காளி மாமி வந்து, மாட்டுவண்டி போக வழியில்லை, படகைக் கொஞ்சம் ஒதுக்குங்கள் என்றாள். வண்டிக்காரன் கயிற்றில் கை வைத்தான், அது மேலே போய்விட்டது. சங்கதி இன்னதென்று கரீம் சொன்னதும் அவன் குளத்தில் முழுகிவிட்டு வந்து, படகை ஓரங்கட்டிவிட்டுத் தன் வழியே போனான். லக்ஷ்மிநாராயணன் ஈர வேஷ்டியோடு வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ஒன்றரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய், சேய் இருவரும் சுகம். பாலத்தை மூன்று மணிக்குத்தான் மறுபடி சேர்த்தார்கள்.