அங்கனயே இருங்க

மழை விட்டிருந்தது. ஆனாலும் சேரன்மகாதேவிக்கு மேற்கே அந்த மொட்டைப்பாறையின் உச்சியில் நின்று பார்த்தால், தாமிரபரணிக்குக் கரை என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. வயல், வாழைத்தோட்டம், சாலை எல்லாவற்றின் மீதும் யாரோ ஒரே பழுப்புத் துணியைப் போர்த்திவிட்டது போலிருந்தது. செல்போன் கோபுரங்கள் முந்தின நாளே ஊமையாகிவிட்டன.

அதனால்தான் ஹெப்ரான், கோபுரம் இல்லாமலே பேசவும் கேட்கவும் உதவும் தன் அமெச்சூர் ரேடியோவை முதுகில் சுமந்துகொண்டு காலையிலேயே ஏறி வந்தான். கீழே இப்படி செட் வைத்திருப்பவர்களில் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்காது. உச்சியில் இருப்பவனுக்கு எல்லாருடையதும் கேட்கும். ஒருவர் சொன்னதை வாங்கி அடுத்தவருக்குச் சொல்வதுதான் அவன் வேலை. தூண்டில் கம்பில் ஆன்டெனாவைக் கட்டிப் பாறை இடுக்கில் நட்டிருந்தான். ஏற்றத்தில் கனக்கும் என்று சின்ன பேட்டரியைத்தான் எடுத்து வந்திருந்தான்.

மலையுச்சியிலிருந்து ஒருவன் பேசினால் அவனோடு ஒரு வார்த்தையாவது பேசிவிட வேண்டும் என்பது ரேடியோக்காரர்களுக்குத் தீராத ஆசை. கன்னியாகுமரியிலிருந்து கூப்பிட்டார்கள். மதுரையிலிருந்து கூப்பிட்டார்கள். கடல் தாண்டி மன்னாரிலிருந்துகூட ஒருவர் வந்தார். ஒவ்வொருவருக்கும் குரல் எப்படிக் கேட்கிறது என்று சொல்லி, பெயரும் ஊரும் சொல்லி, வாழ்த்தித்தான் ஹெப்ரான் அனுப்பினான்.

"ஏலே, ஊரே முங்கிக் கிடக்கு. நீ மன்னார்க்காரன்ட்ட அங்க வெயிலடிக்கான்னு கேக்க" என்றான் கூட வந்த ஜோஷுவா. "பேட்டரி என்ன, ஒங்க வீட்டுக் கெணறாலே?"

"ரெண்டு வார்த்தைதாம்லே. கூப்பிட்டவன எப்படி அப்படியே விட?"

அப்போதுதான் அந்த மெல்லிய குரல் வந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரு ஊரில் டீச்சராக இருக்கும் சித்ரலேகா. அவளும் ரேடியோ உரிமம் வாங்கியவள். கையில் பிடிக்கும் சின்ன செட் மட்டும் வைத்திருந்தாள்.

"ஹெப்ரான் தம்பி, கேக்குதா? பள்ளிக்கூட மாடில இருக்கோம். எங்க அத்தைக்கு நடக்க முடியாது. ரயில்வே மேடு வரைக்கும் இப்ப இடுப்பளவு தண்ணிதான். தூக்கிட்டுப் போயிரவா, நிக்கவா?"

இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு கிழவியைத் தூக்கிக்கொண்டு அவள் நடப்பதை அவன் ஒரு கணம் மனக்கண்ணில் பார்த்தான்.

"வேண்டாங்க்கா. அங்கனயே இருங்க. படகு அனுப்பச் சொல்லுதேன்."

"சரி தம்பி. நிக்கோம்."

உடனே திருநெல்வேலியில் நிவாரண அறையில் செட்டோடு உட்கார்ந்திருந்த சிவசண்முகம் அண்ணாச்சியைக் கூப்பிட்டு விவரம் சொன்னான்.

"அந்தப் பக்கம் இன்னைக்குப் படகு போகாதுவே" என்றார் அவர். "மேல அணையில இன்னும் தண்ணி தெறக்கான். மேட்டுக்குப் போகச் சொல்லும். இப்பமே சொல்லும்."

ஹெப்ரான் பேசும் பொத்தானை அழுத்தினான். ரேடியோவின் திரை அணைந்தது. விரலை எடுத்தான். திரை உயிர்பெற்றது. மறுபடி அழுத்தினான். அணைந்தது. பேச்சை அனுப்பும் சக்தியை ஆகக் குறைத்து வைத்து அழுத்திப் பார்த்தான். பேட்டரியைக் கழற்றி அக்குளில் வைத்துச் சூடாக்கி மாட்டிப் பார்த்தான். கேட்பதற்கு மட்டும் அதில் உயிர் மிச்சமிருந்தது. பேசுவதற்கு இல்லை.

"கீழ நிக்குத பைக் பேட்டரியக் கழத்திட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ஜோஷுவா பாறையில் சறுக்கிக்கொண்டே இறங்கினான்.

ஹெப்ரான் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"சொல்லியாச்சாவே?" என்றார் அண்ணாச்சி. பதில் வராததால், "சரி, அவகூடப் பேசிட்டிருக்கீரு போல" என்று தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மறுபக்கம் சித்ரலேகா. "தம்பி, தண்ணி மூணாவது படிக்கு வந்துட்டு. படகு கிளம்பிட்டா?" கொஞ்சம் கழித்து, "பக்கத்து வீட்டு ஆளுக மேட்டுக்குப் போறாங்க. எங்களையும் கூப்பிட்டாங்க. தம்பி படகு சொல்லியிருக்கு, நீங்க போங்கன்னுட்டேன்."

"போங்கக்கா!" என்று ஹெப்ரான் கத்தினான். பாறைதான் எதிரொலித்தது. "அவங்ககூடப் போங்கக்கா!"

"நீ வேலையா இருப்ப" என்றது அந்தக் குரல், அவ்வளவு அன்பாக. "என் செட்டுலயும் சார்ஜ் கொறையுது. சும்மா போட்டு வீணாக்கக் கூடாதுன்னு நீதான சொல்லிக் குடுத்த? அணைச்சு வைக்கேன். ஒரு மணி நேரங் கழிச்சுப் போடுதேன்."

சின்னதாக ஒரு சத்தம். அதன்பின் இரைச்சல் மட்டும்.

ஜோஷுவா பேட்டரியைத் தோளில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தபோது, அவள் அணைத்துச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. அவனுடைய முழங்கால் இரண்டும் கிழிந்து ரத்தம். வயரைச் செருகினார்கள். ஹெப்ரான் அழுத்தினான். திரை அணையவில்லை.

"அக்கா, மேட்டுக்குப் போங்க. படகு வராது. மேட்டுக்குப் போங்க."

"யாருட்ட சொல்லுதீரு?" என்று அண்ணாச்சி பதறினார். "அப்பமே சொல்லலையா நீரு?"

கிழக்கே அந்தப் பழுப்புத் துணி கண்ணெதிரே அகலமாகிக்கொண்டிருந்தது. அங்கே எங்கோ அணைந்து கிடக்கும் ஒரு செட்டை நோக்கி, மேட்டுக்குப் போங்க, மேட்டுக்குப் போங்க என்று ஹெப்ரான் சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஜோஷுவா பக்கத்தில் உட்கார்ந்து பேட்டரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வீணாக்காதே என்று இந்தத் தடவை அவன் சொல்லவில்லை.