மூக்குக்குச் சம்பளம்

ராசிபுரம் நெய் மண்டியில் தண்டாயுதபாணி செட்டியார் தன் வலது கையின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு செங்கோடனிடம் நீட்டினார். மண்டியில் விலை பேசுவது அப்படித்தான். துண்டுக்குள் இருவரும் விரலைப் பிடித்தே பேசி முடித்துவிடுவார்கள். எத்தனை விரல் என்று பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது.

செங்கோடனும் கையை நீட்டப் போனான். அவன் மனைவி முத்தாயம்மாளுக்குப் பகீரென்றது. வேலைக்குக் கூப்பிட்டதே அவளைத்தான்! போன சந்தையன்று நெய் விற்க வந்தவள், செட்டியார் வாங்கி அடுக்கியிருந்த டின்களில் மூன்றைக் காட்டி, கடலை எண்ணெய் கலந்திருக்கிறது என்றாள். புறங்கையில் ஒரு சொட்டுத் தேய்த்து முகர்ந்து பார்த்ததோடு சரி. மறுநாள் பார்த்தால் அந்த மூன்றும் உறையாமல் கொழகொழவென்று கிடந்தன. அந்த மூக்கு தன் மண்டியில் இருந்தே ஆகவேண்டும் என்று செட்டியார் ஆள் அனுப்பிவிட்டார்.

துண்டுக்குள் பேசினால் சம்பளம் இரண்டு ஆம்பிளைகளோடு முடிந்துபோகும். அப்புறம் அது செங்கோடனின் அண்ணன் கருப்பண்ணன் மடிக்குப் போய்விடும். பதினாலு வருஷமாக அவள் கடைந்த நெய்க்காசு முழுக்க அங்கேதான் போனது. ஒரு ஜோடி வளையலுக்குக்கூட அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். இந்தச் சம்பளமாவது தன் கையில் விழவேண்டும் என்றுதான் அவள் வந்திருந்தாள்.

துண்டை வெடுக்கென்று பிடுங்கினாள். “மூக்கு என்னுதுங்க. பேச்சும் எங்கிட்டத்தானுங்க.”

செட்டியார் விழித்தார். அடுத்தவன் பெண்டாட்டி விரலைத் துண்டுக்குள் பிடிக்க முடியுமா? வாயால் விலை பேசியோ அவருக்குப் பழக்கமே இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “மாசம் அஞ்சு ரூபாய், அம்மணி” என்று கிசுகிசுத்தார்.

“சத்தமாச் சொல்லுங்க.”

“அஞ்சு!”

“அம்மணி, நான் எட்டுத் தாரேன்!” என்று எதிர்க்கடை வெள்ளியங்கிரி குரல் கொடுத்தார்.

அவ்வளவுதான். ஒன்பது, பத்து என்று ஏறியது. எடை போட்டவர்கள் தராசை விட்டுவிட்டு வந்து கூடினார்கள். முத்தாயம்மாளுக்குத் தலை கிறுகிறுத்தது. சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள். செட்டியார் பன்னிரண்டு என்று கத்தியதும் வெள்ளியங்கிரி கும்பிடு போட்டு ஒதுங்கினார்.

“உக்கார ஒரு மணை வேணுமுங்க. நாலு மணி பஸ்ஸுக்கு உட்டரோணும். சளி புடிச்சு மூக்கடைச்சாலும் சம்பளம் புடிக்கக் கூடாதுங்க.”

“வேலை செய்யாத மூக்குக்கும் சம்பளமா?”

“கறவை நின்ன எருமையைத் தீனி போடாம உட்டுருவீங்களா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. செட்டியார் தலையாட்டி வைத்தார்.

“அப்புறம், மண்டிக்குள்ள நீங்க மூக்குப்பொடி போடக் கூடாதுங்க.”

அவர் கை மடியிலிருந்த பொடி டப்பாவைப் பொத்திக்கொண்டது. “வேணும்னா பதிமூணாத் தாரேன், அம்மணி!”

“பொடி நெடி ஏறுனா எனக்கு நெய்யும் ஒண்ணுதான், எண்ணெயும் ஒண்ணுதானுங்க.”

செட்டியார் அந்த மூன்று டின்களையும் ஒருமுறை பார்த்தார். பாவம், கண் கலங்கிவிட்டது. டப்பாவை வெள்ளியங்கிரியிடம் கொடுத்து, “உங்கிட்டயே இருக்கட்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை உன்ற கடைக்கு வாரேன்” என்றார்.

“கடைசியா ஒண்ணுங்க. சம்பளம் என் கையிலதான் வரோணும்.”

“ஆகட்டும் அம்மணி, எல்லாம் ஆகட்டும்!” என்ற செட்டியார், அச்சாரமாக ஒரு வெள்ளி ரூபாயை எடுத்து, பழக்க தோஷத்தில் செங்கோடன் கையில் வைத்துவிட்டார்.

செங்கோடன் ரூபாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணன் முகம் அவன் கண்முன் வந்திருக்கும் என்று முத்தாயம்மாளுக்குத் தெரியும். அவள் சிரிப்பு நின்றுபோனது. இவ்வளவு பேசியும் வீணாகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

அவன் அவளிடமிருந்து துண்டை வாங்கினான். தன் கையின் மேல் போட்டுக்கொண்டு, மண்டி முழுக்கப் பார்த்திருக்க, அவளிடம் நீட்டினான்.

அவள் உள்ளே கை விட்டாள். உள்ளங்கையில் ரூபாய் ஜில்லென்று விழுந்தது. அவன் விரல்கள் அவள் விரல்களை ஒருதரம் அழுத்தி விட்டன.

“என்ன பேசி முடிச்சீங்க?” என்றார் வெள்ளியங்கிரி.

“துண்டுக்குள்ள பேசுனதை வெளிய சொல்லுவாங்களா?” என்றாள் முத்தாயம்மாள். நாலு மணி பஸ்ஸில் இருவருக்கும் அவளே டிக்கெட் எடுத்தாள்.